ஒட்டாத எண்ணெயை ஒட்ட வைக்கும் கடுகு

ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் மூன்று மேசைக்கரண்டி சமையல் எண்ணெயையும் ஒரு மேசைக்கரண்டி வினிகரையும் ஊற்றுங்கள். மூடியை இறுக மூடி, அரை நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். போத்தலுக்குள் மோர் போல வெளுத்த ஒரு கலவை தெரியும். இரண்டும் சேர்ந்துவிட்டன என்று நினைத்து மேசையில் வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே எண்ணெய் மேலே ஏறத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் பழையபடி இரண்டு அடுக்குகள்.

இப்போது அதே போத்தலில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதைப் போட்டு, மறுபடியும் குலுக்குங்கள். இம்முறை கலவை மஞ்சளாகவும் சற்றுக் கெட்டியாகவும் ஆகிறது. மேசையில் வைத்தாலும் உடனே பிரிவதில்லை. எண்ணெய் அதேதான், வினிகரும் அதேதான். ஒரு தேக்கரண்டி கடுகு அப்படி என்னதான் செய்தது?

மாணவர்களே, இவ்வாரப் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டுச் சமையலறையே போதும். பங்சாரில் தெலாவி சாலைப் பக்கம் உள்ள உணவகங்களில் சாலட் வாங்கினால், அதன்மேல் ஊற்ற மஞ்சள் நிறத்தில் ஒரு சாறு தருவார்கள். ‘ஹனி மஸ்டர்ட் டிரெஸ்ஸிங்’ என்று அதற்குப் பெயர். தேன், கடுகு, வினிகர், எண்ணெய், உப்பு ஆகிய ஐந்தே பொருள்கள். வீட்டில் செய்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள், படிவம் 5 வேதியியலில் ‘எமல்சி’, ‘பெங்கெமல்சி’ என்று மலாய்மொழியில் நீங்கள் மனனம் செய்யும் இரண்டு சொற்களும் கண்முன்னே நடந்து முடிந்துவிடும். தமிழில் முதலாவது பால்மம், இரண்டாவது பால்மமாக்கி. பால்போல் தோன்றுவதால் பால்மம். சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது.

எண்ணெய் ஏன் ஒதுங்குகிறது?

நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சிறிதளவு நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் உடையது. ஆகவே நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. எண்ணெய் மூலக்கூறுகளுக்கு அத்தகைய மின்தன்மை மிகக் குறைவு. நீரின் பிணைப்புக்குள் நுழைய அவற்றுக்கு இடமில்லை. வினிகரில் பெரும்பகுதி நீர்தான். அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மட்டுமே. எனவே வினிகர் விஷயத்திலும் எண்ணெய் அப்படியே நடந்துகொள்கிறது.

‘எண்ணெய் அடர்த்தி குறைந்தது, அதனால் பிரிகிறது’ என்று பல மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். இதில் பாதிதான் சரி. அடர்த்தி குறைவாக இருப்பதால் எண்ணெய் மேலே நிற்கிறது. பிரிவதற்குக் காரணம் அதுவன்று. சாராயமும் நீரைவிட அடர்த்தி குறைந்ததுதான், ஆனால் நீரோடு முழுமையாகக் கலந்துவிடுகிறது. ‘ஏன் பிரிகிறது’, ‘ஏன் மேலே நிற்கிறது’ ஆகிய இரண்டும் வெவ்வேறு கேள்விகள். விடைத்தாளில் இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குலுக்கும்போது என்ன நடக்கிறது? நம் கையின் ஆற்றல் எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறது. எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் பரப்பு பெருகுகிறது. எவ்வளவு பெருகுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோள வடிவத் துளிகளின் மொத்தப் பரப்பளவு காண எளிய வழி உண்டு: எண்ணெயின் கன அளவை 6 ஆல் பெருக்கி, ஒரு துளியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 45 கன சென்டிமீட்டர். அரைப்பானில் அடித்து, ஒவ்வொரு துளியையும் 0.01 மில்லிமீட்டர், அதாவது 0.001 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 45 × 6 ÷ 0.001 = 270,000 சதுர சென்டிமீட்டர். அதாவது 27 சதுர மீட்டர்! ஆறு மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையின் தரை முழுவதும் அந்தச் சிறு கிண்ணத்துக்குள் மடிந்து கிடக்கிறது. துளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 8,600 கோடி. கோளத்தின் கன அளவுச் சூத்திரம் தெரிந்தவர்கள் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

ஒன்றையொன்று விரும்பாத இரண்டு திரவங்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய எல்லைப்பரப்பைக் காப்பாற்ற ஆற்றல் வேண்டும். குலுக்குவதை நிறுத்தியதும் துளிகள் ஒன்றோடொன்று மோதி, சேர்ந்து, பெருத்து, எல்லையைக் குறைத்துக்கொள்கின்றன. இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதுதான் அவற்றுக்கு மிகக் குறைந்த எல்லை.

காவலுக்கு நிற்கும் கடுகு

துளிகள் ஒன்றுசேராமல் தடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஒரு காவல் வேண்டும். முட்டை மஞ்சள்கருவில் இருக்கும் லெசிதின் அப்படிப்பட்ட காவல். அதன் ஒரு முனை எண்ணெயை நாடும். மறுமுனை நீரை நாடும். மயோனைஸ் அதனால்தான் பிரியாமல் நிற்கிறது.

கடுகு கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்கிறது. கடுகின் தோலில் பசைத்தன்மையுள்ள ஒரு பொருள் உண்டு. நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன அது, நீரில் ஊறினால் உப்பி வழவழப்பாகும். சப்ஜா விதையை ஊறவைத்தால் சுற்றிலும் ஒரு வழுவழுப்பான உறை வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வராது, ஆனால் அதே வகைதான். இந்தப் பசையும் கடுகின் புரதங்களும் எண்ணெய்த் துளிகளின் மேல் படர்ந்து, இரண்டு துளிகள் நெருங்கும்போது இடையில் மெத்தைபோல் நிற்கின்றன. கூடவே, பசை நீர்ப்பகுதியைக் கெட்டியாக்குவதால் துளிகள் நகர்வதும் மெதுவாகிறது.

எல்லாக் கடுகும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் நாம் வாங்குவது கரும்பழுப்பு நிறச் சிறுகடுகு. போத்தலில் ‘மஸ்டர்ட்’ என்று விற்கும் மஞ்சள் விழுது பெரும்பாலும் வெண்கடுகிலிருந்து செய்யப்படுவது. வெண்கடுகின் தோலில் பசை அதிகம், காரம் குறைவு. நம் சிறுகடுகு அதற்கு நேர்மாறு: காரம் அதிகம், பசை குறைவு. ஆகவே பால்மம் நெடுநேரம் நிற்க வேண்டுமானால் வெண்கடுகு மேல். மூக்கில் ஏற வேண்டுமானால் நம் கடுகு. (போத்தல் விழுதின் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கடுகால் வந்ததன்று, அதில் மஞ்சள்தூள் சேர்த்திருப்பார்கள். சட்டையில் சிந்திய கறையில் சவர்க்காரம் போட்டால் அது சிவப்பதைப் பார்க்கலாம். மஞ்சள், காரத்தன்மையைக் காட்டும் ஒரு காட்டி.)

தேனின் வேலை வேறு. தேன் பால்மமாக்கி அல்ல. ஆனால் அது பாகுத்தன்மை மிக்கது. திரவம் கெட்டியாக இருந்தால் துளி மேலேறும் வேகம் குறையும். துளியின் அளவும் முக்கியம்: ஆரம் பாதியானால், மேலேறும் வேகம் பாதியாகாமல் கால்பங்காகக் குறைந்துவிடும். நன்றாகக் குலுக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். கடுகு துளிகளைச் சேரவிடாமல் தடுக்கிறது. தேன் அவற்றின் நடையைத் தளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்தால் கலவை நிற்கிறது.

கடித்தால்தான் காரம்

‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பார்கள். ஆனால் ஒரு முழுக் கடுகை நாக்கில் வைத்துப் பாருங்கள். காரமே இருக்காது. கடித்து மென்றால்தான், அதுவும் ஒரு கணம் தாமதித்து, காரம் எழும்பும். அந்த ஒரு கணத் தாமதத்தில் ஒரு வேதிவினை நடந்து முடிகிறது.

சிறுகடுகினுள் சினிகிரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே அடைந்திருக்கின்றன. கடுகு நொறுங்கி, நீரும் சேர்ந்தால், நொதி சினிகிரினைச் சிதைக்கிறது. அப்போது உண்டாவதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட். எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் மூக்கில் சுரீரென்று ஏறுகிறது. விதையைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கு எதிராகக் கடுகுச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. நாம் அதை ஊறுகாயில் போட்டு இரசித்துச் சாப்பிடுகிறோம்!

இங்கே நம் அம்மாக்களின் தாளிப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். சூடான எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. பிறகு அது குழம்பில் விழுந்து ஊறினாலும் காரம் வருவதில்லை; வறுத்த பருப்பு போன்ற மணம் மட்டுமே வருகிறது. ஏனென்றால் நொதி ஒரு புரதம். எண்ணெயின் வெப்பத்தில் அதன் வடிவம் குலைந்து, வேலை செய்யும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நீர் வந்து சேரும்போது சினிகிரினைச் சிதைக்க ஆளில்லை. ஆவக்காய் ஊறுகாயில் கடுகை வறுக்காமல் பச்சையாக அரைத்துப் போடுவதால் அது மூக்கைத் துளைக்கிறது. (தெலுங்கில் ‘ஆவ’ என்றாலே கடுகுதான்.) ஒரே விதை, இரண்டு செய்முறை, இரண்டு சுவை. நொதிகளை வெப்பம் எப்படிப் பாதிக்கிறது என்ற உயிரியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பாடநூலில் பார்த்ததில்லை.

இதிலிருந்து கடுகு விழுது செய்யும் முறையும் தெளிவாகிறது. இரண்டு மேசைக்கரண்டி கடுகை ஈரமில்லாத மிக்சியில் பொடியாக்குங்கள். மூடியைத் திறக்கும்போது முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பொடியில் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். நொதி வேலை செய்வதற்கான நேரம் அது. கொதிநீர் விட்டால் நொதி கெடும். எடுத்த எடுப்பிலேயே வினிகர் விட்டாலும் அமிலத்தில் அதன் வேகம் குறைந்து, காரம் மட்டுப்படும். பத்து நிமிடம் கழித்து ஒரு மேசைக்கரண்டி வினிகரும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். உடனே சுவைத்தால் கசக்கும். ஓர் இரவு விட்டால் கசப்பு தணியும். இந்த வேலையெல்லாம் முடியாதவர்கள் பேரங்காடியில் ஒரு போத்தல் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

டிரெஸ்ஸிங் செய்முறை

நாலு பேருக்கு இந்த அளவு போதும். கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு மேசைக்கரண்டி தேன், ஒரு மேசைக்கரண்டி வினிகர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை முதலில் போட்டுக் கரையுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெய் வருவதற்கு முன்பே அதை நீர்ப்பகுதியில் கரைத்துவிட வேண்டும். பிறகு மூன்று மேசைக்கரண்டி எண்ணெயை எடுத்து, முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு நூல்போலவும் விட்டுக்கொண்டே முள்கரண்டியால் வேகமாக அடியுங்கள். ஒரேயடியாக ஊற்றினால், உடைக்க வேண்டிய எண்ணெய் அதிகமாகவும் காவலுக்கு நிற்கும் கடுகு எட்டாமலும் போய்விடும். மூடியுள்ள போத்தலில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்குவது இன்னும் சுலபம். துளிகள் சற்றுப் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். வெள்ளரி, காரட், மாங்காய் மூன்றையும் நறுக்கி இதை ஊற்றிப் பாருங்கள். மாங்காய்க்கும் கடுகுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதில்லை.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது செம்பனை எண்ணெய். உடனே சாப்பிடுவதானால் அது போதும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் செம்பனை எண்ணெய் கலங்கி, குருணையாகும். உறைந்த கொழுப்புப் படிகங்கள் துளிகளின் உறையைக் கிழித்துவிடுவதால் பால்மம் பிரிந்துபோகும். எடுத்துவைக்க வேண்டுமானால் சூரியகாந்தி எண்ணெய் நல்லது.

நம் ஊரில் கெலுலுட் தேன் கிடைக்கிறது அல்லவா? கொடுக்கில்லாத சிறு தேனீக்கள் சேர்க்கும் தேன் அது. தமிழ்நாட்டில் கொசுத்தேன் என்பார்கள். சாதாரணத் தேனைவிட அதில் நீர் அதிகம், புளிப்பும் அதிகம். அதைப் பயன்படுத்தினால் வினிகரைப் பாதியாகக் குறையுங்கள். தேன் நீர்த்திருப்பதால் கலவை சற்றுச் சீக்கிரம் பிரியும்.

பங்சார் மண்ணில் ஓடிய பால்

இந்தப் பாடத்தைப் பங்சாரை வைத்துச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று காப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளும் நிற்கும் இந்த இடம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். எட்வர்ட் புங்கே, ஆல்ஃபிரட் கிரிசார் என்ற இரு ஐரோப்பிய வணிகர்களின் பெயர்கள் சேர்ந்து ‘புங்கே-கிரிசார்’ தோட்டம் ஆகி, அது வாய்மொழியில் மருவிப் பங்சார் ஆனது என்பதே பரவலாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம். கோலாலம்பூரைச் சுற்றியும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்த இத்தகைய தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

விடியுமுன் மரத்தை வெட்டி மங்கில் அவர்கள் பிடித்த ரப்பர் பாலுக்கும், நாம் இப்போது குலுக்கிய கிண்ணத்துக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். ரப்பர் நீரில் கரையாது. மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் புரதத்தாலான ஓர் உறை. நம் கிண்ணத்தில் எண்ணெய்த் துளிக்குக் கடுகு காவல். மங்கில் ரப்பர்த் துகளுக்குப் புரதம் காவல்.

அந்தப் புரத உறை எதிர்மின் தன்மை கொண்டது. எதிர்மின்னும் எதிர்மின்னும் விலக்கிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். துகள்கள் அதனால்தான் ஒட்டாமல் இருக்கின்றன. தோட்டத்து ஸ்டோரில் பாலை வடிகட்டி, நீர் சேர்த்து, தொட்டியில் ஊற்றி, ஃபார்மிக் அமிலத்தைக் கலப்பார்கள். மலாயில் அதற்கு ‘சூக்கா கெத்தா’ என்று பெயர்; நேர்ப்பொருள் ரப்பர் வினிகர். (பெயரில் வினிகர் இருந்தாலும் அது தோலை எரிக்கும் அமிலம், சமையலறைக்குள் வரவே கூடாது.) அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் எதிர்மின் தன்மையைச் சமன் செய்கின்றன. விலக்கு விசை போகிறது. துகள்கள் மோதுகின்றன, உறைகள் உடைகின்றன, உள்ளிருக்கும் ரப்பர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பால் கட்டியாகிறது. அதைத்தான் உருளையில் நசுக்கித் தகடாக்கிப் புகையில் உலர்த்தினார்கள். அமிலமே சேர்க்காமல் மங்கிலேயே விட்டாலும் பால் கெட்டுவிடும். பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குகின்றன. அதுதான் கட்டிப்பால். திரவமாகவே வைத்திருக்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். காரமான அது, உண்டாகும் அமிலத்தைச் சமன் செய்துவிடும். பாடநூலில் ‘பெங்கும்பாலான் லேடெக்ஸ்’ என்று நீங்கள் படிப்பது இதைத்தான். சமன்பாடோ சூத்திரமோ தெரியாமலே, எவ்வளவு பாலுக்கு எவ்வளவு அமிலம் என்று அளந்து ஊற்றிய கைகள் நம் குடும்பங்களில் இருந்திருக்கின்றன.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழ வேண்டும். அமிலம் ரப்பர் பாலைத் திரட்டுகிறது. எலுமிச்சைச் சாறு பசும்பாலைத் திரிக்கிறது. அப்படியென்றால், டிரெஸ்ஸிங்கில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் இருந்தும் அது ஏன் திரியவில்லை?

காவலின் தன்மையில்தான் விடை இருக்கிறது. ரப்பர் துகளையும் பாலிலுள்ள கேசின் துகளையும் பிரித்து வைப்பதில் மின்தன்மைக்குப் பெரும் பங்கு உண்டு. மின்தன்மையைச் சமன் செய்தால் காவல் சரிந்துவிடும். கடுகின் பசையோ முக்கியமாக இடத்தை அடைத்துக்கொண்டு, நீரைக் கெட்டியாக்கி வேலை செய்கிறது. அமிலம் வந்தாலும் மெத்தை மெத்தைதான். ஆகவே கடுகுப் பால்மம் வினிகரைத் தாங்குகிறது. ஒரு பால்மம் எதனால் நிற்கிறது என்று தெரிந்தால், அதை எதனால் உடைக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

உடைப்பதும் சமையலில் ஒரு கலைதான். தேங்காய்ப்பாலும் பால்மமே. சந்தான் ஊற்றிய குழம்பைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று அம்மா கிளறிக்கொண்டே இருப்பார். ஆனால் ரெண்டாங் செய்பவர் அது திரிந்து எண்ணெய் கக்கட்டும் என்று காத்திருப்பார். ‘பெச்சா மின்யாக்’ என்று மலாயில் சொல்வதும், ‘எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்’ என்று நாம் சொல்வதும் ஒன்றே.

நான்கு போத்தல் சோதனை

கடுகுதான் காரணம் என்று நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். தேனாகக்கூட இருக்கலாமே? சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு தெளிவான போத்தல்கள் வேண்டும்; ஒவ்வொன்றும் குறைந்தது 160 மில்லிலிட்டர் கொள்ள வேண்டும், இல்லையென்றால் குலுக்க இடம் இருக்காது. நான்கிலும் 45 மில்லிலிட்டர் எண்ணெய், 15 மில்லிலிட்டர் வினிகர். முதல் போத்தலில் கூடுதலாக 20 மில்லிலிட்டர் நீர் மட்டும். இரண்டாவதில் 15 மில்லிலிட்டர் தேனும் 5 மில்லிலிட்டர் நீரும். மூன்றாவதில் 5 மில்லிலிட்டர் கடுகு விழுதும் 15 மில்லிலிட்டர் நீரும். நான்காவதில் 15 மில்லிலிட்டர் தேனும் 5 மில்லிலிட்டர் கடுகு விழுதும். நீரைச் சேர்ப்பது ஏன் என்று யோசியுங்கள். மொத்தக் கன அளவு நான்கிலும் 80 மில்லிலிட்டராக இருக்க வேண்டும். எண்ணெயின் அளவு, குலுக்கும் நேரம், அறையின் வெப்பநிலை ஆகியவையும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சேர்க்கும் பொருள் தற்சார்பு மாறி. மேலே தெளிந்து நிற்கும் எண்ணெய் அடுக்கின் உயரம் சார்பு மாறி.

ஒவ்வொன்றையும் 30 விநாடி குலுக்கி, 1, 5, 10, 30, 60 நிமிடங்களில் அடுக்கின் உயரத்தை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையில் எழுதுங்கள். நான்கையும் ஒருவரே குலுக்குவது நல்லது. அண்ணன் ஒன்றும் தங்கை ஒன்றும் குலுக்கினால் கையின் பலமும் ஒரு மாறியாகிவிடும். முதல் போத்தல் முதலில் பிரியும். தேன் மட்டும் உள்ளது சற்றுத் தாமதிக்கும், ஆனால் பிரிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை உங்கள் உற்றறிதலுக்கே விட்டுவிடுகிறேன். உங்கள் எண்கள் என் விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், எண்களை மாற்றாதீர்கள். எந்தக் கடுகு, எந்தத் தேன் என்று பாருங்கள். சிறுகடுகில் பசை குறைவு என்று முன்பே சொன்னேன்.

தேன் பற்றி இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது மிக முக்கியமானது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை எந்த வடிவிலும், விரல் நுனியில் தொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் சில நேரங்களில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நம் குடலில் அவை வளர்வதில்லை. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம், மூச்சுவிடுவதும் சிரமமாகலாம். வீட்டுச் சமையலின் கொதிநிலை வெப்பம் அந்த வித்துகளைக் கொல்லாது. பிறந்த குழந்தைக்குச் ‘சேனை’ என்று தேனைத் தொட்டு வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், பெரியவர்களிடம் மரியாதையோடு இதை எடுத்துச் சொல்லும் அறிவு இப்போது உங்களிடம் இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘தேன் இயற்கையானது, நீரிழிவுக்காரர்களுக்கு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு. தேனின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், பெரும்பாலும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேனும் சேர்க்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறத்தாழ நான்கு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமமான இனிப்பு உண்டு. நாலு பேர் பகிர்ந்து சாப்பிடும் கிண்ணத்தில் அது பெரிய பாரமில்லை. ஒருவரே கிண்ணத்தை வழித்தால் பாரம்தான். கடுகு ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நண்பர்களுக்குப் பரிமாறும் முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்த வாரத்துக்குள் சிந்தித்து வையுங்கள்: வினிகருக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு ஊற்றினால் கலவை நிற்கும் நேரம் மாறுமா? மாறினால் காரணம் அமிலமா, சாற்றிலுள்ள சக்கையா? இதைக் கண்டுபிடிக்க எத்தனை போத்தல் வேண்டும்? இன்னொரு கேள்வி, வீட்டில் பால் மரம் வெட்டிய அனுபவமுள்ள பெரியவர் இருந்தால் அவரோடு சேர்ந்து யோசிக்க வேண்டியது: பிரிந்துபோன டிரெஸ்ஸிங்கை மறுபடியும் குலுக்கினால் பால்மமாகிவிடுகிறது. கட்டியான ரப்பர் பாலை எவ்வளவு குலுக்கினாலும் அது ஏன் மறுபடி பாலாவதில்லை?